வெட்டினால்தான் பூக்கும் பன்னீர் ரோஸ்



பேட்டை, சுத்தமல்லி, நரசிங்கநல்லூர் பக்கம் மாதக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போதெல்லாம் ஒன்று நடக்கும். சேமிப்பு வாங்கி, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் எங்களைத் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போவார். "மேடம், இந்த ரோஸ் செடியைப் பாருங்க. ஆளுயரத்துக்கு வளந்து நிக்கு. பூக்கவே மாட்டேங்கு. போன வருசம் நல்லாத்தான் பூத்துச்சு."

"வெட்டி விடுங்கக்கா" என்போம். உடனே முகம் மாறிவிடும். "ஐயோ, பச்சைச் செடியில போய்க் கத்தி வைக்கச் சொல்லுதீங்களே!" அடுத்த மாதம் போனால் செடி இன்னும் ஒரு சாண் உயர்ந்து, உச்சியில் ஒரே ஒரு பூவோடு நிற்கும். அதைப் பறிக்க ஸ்டூல் போட வேண்டும்.

இப்படிப் பத்துப் பதினைந்து வாசலில் நின்று பேசியதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறோம். நாங்கள் தோட்டக்கலை படித்தவர்கள் இல்லை, சமூகப்பணி படித்தவர்கள். ரோஸ் செடியைப் பற்றிக் கற்றுக்கொண்டது புத்தகத்தில் பாதி, உங்கள் வாசல்களில் பாதி. நடுவில் உங்கள் பணத்தைக் கொஞ்சம் தொலைத்தும் கற்றுக்கொண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தவறு

சில வருடங்களுக்கு முன்பு இரண்டு குழுக்கள் உள்கடனில் ரோஸ் செடி வாங்கின. ஏற்பாடு செய்தது நாங்கள்தான். நர்சரியில் பார்த்த செடி ஒவ்வொன்றிலும் கைப்பிடி அளவு பூ. மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளையில் சிவப்புக் கோடு. பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை. முதல் இரண்டு மாதம் வாசலெல்லாம் பூ. சித்திரை வெயிலில் பாதிச் செடி கருகியது. மீதியில் அடியிலிருந்து புதுக்கிளை விறுவிறுவென்று வந்தது. "தழையுது, தழையுது" என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம். ஆனால் மேலே இருந்த மஞ்சள் ரோஸ் நாளுக்கு நாள் மெலிந்து காய்ந்தே போனது. அடியில் வந்த கிளை மட்டும் முள்ளும் இலையுமாகப் பெருகியது. கடன் தவணை பத்து மாதம் ஓடியது. பூ ஓடவில்லை.

நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அவர் ஏமாற்றவில்லை. அது ஒட்டுச் செடி. அடியில் முரட்டு ரோஸ் ஒன்றின் வேரும் தண்டும் இருக்கும். அதன் மேல் அழகான ரோஸின் மொட்டை வைத்துக் கட்டி வளர்த்திருப்பார்கள். ஒட்டின இடம் முட்டி மாதிரிப் புடைத்துத் தெரியும். முட்டிக்குக் கீழே கிளை வந்தால் அது நாம் காசு கொடுத்த ரோஸ் இல்லை, அடிச்செடி. அதைப் பார்த்தவுடன் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, புறப்பட்ட இடத்திலேயே பிய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். ஏழு இலை இருந்தால் காட்டு ரோஸ், ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஸ் என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பி வெட்டிவிடாதீர்கள். நல்ல ரோஸிலும் சில கிளையில் ஏழு இலை வரும். முட்டிக்கு மேலா கீழா என்று பார்ப்பதுதான் சரி.

ஒட்டு ரோஸ் வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆசைக்கு ஒன்றிரண்டு தொட்டியில் வையுங்கள். கடன் வாங்கி வைக்காதீர்கள்.

நமக்கு ஏற்றது எது

கையில் காசு குறைவு, தண்ணீர் அளவோடுதான், வெயிலோ நம் நெல்லை வெயில். இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்றது தன் சொந்த வேரில் புதராக வளரும் ரோஸ்தான். அதாவது நம் பன்னீர் ரோஸ். புத்தகத்தில் எட்வர்டு ரோஸ் என்று போட்டிருக்கும். இளஞ்சிவப்பு நிறம், அடுக்கு இதழ், நல்ல வாசனை. ஒட்டுப் போட வேண்டாம், குச்சி ஒடித்து நட்டாலே வரும். அடிக்கிளை வந்தாலும் அதுவும் பன்னீர் ரோஸ்தான், பயமில்லை. ஆந்திரா ரோஸ் என்கிற சிவப்பு ரோஸும், கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஸும் புதராக வளர்பவைதான். ஓசூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரைக்குள் வளர்க்கிறார்களே, நீளக் காம்பு ரோஸ், அது வேறு தொழில், வேறு முதலீடு. அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

இந்த எட்வர்டு யார் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். தேடிப் பார்த்ததில் சுவையான கதை கிடைத்தது. இந்தியப் பெருங்கடலில், மொரீசியஸ் பக்கத்தில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. நம் தமிழ் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவுகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பழைய பெயர் பூர்போன். அங்கே தோட்டத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஸை வைத்திருந்தார்கள். ஒன்று சீனாவிலிருந்து வந்தது, விடாமல் பூக்கும். இன்னொன்று டமாஸ்கஸ் ரோஸ், வாசனைக்குப் பேர் போனது. 1820-ஐ ஒட்டிய வருடங்களில், இந்த இரண்டும் கலந்து வேலியில் தானாக முளைத்த செடியைத்தான் எதுவார் ரோஸ் என்றார்கள். நம் ஊரில் அது எட்வர்டு ஆகிவிட்டது. கல்கத்தாவிலிருந்துதான் அது அந்தத் தீவுக்கே போனது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, வேலிக்கு வைத்த செடி வழி வந்தது என்பதால்தான் நம் வாசலிலும் முரட்டுத்தனமாக நிற்கிறது.

இடமும் தண்ணீரும்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். வேப்பமரத்தடியிலும் முருங்கை நிழலிலும் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்றால் செடி என்ன செய்யும்? ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணி எரு பத்துக் கிலோவும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். செடிக்குச் செடி மூன்றடி விடவேண்டும். பக்கத்தில் ஆடு கட்டாதீர்கள். முள் இருக்கிறதே, ஆடு தொடாது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தண்ணீர்தான் முக்கியம். ரோஸுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தாமிரபரணித் தண்ணீரும் வாய்க்கால் ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரும் கிடைக்கும் வீடுகளில் செடி செழிப்பாக இருக்கிறது. ஆற்றை விட்டுத் தள்ளிப் போகப்போக, ஆழ போர்த் தண்ணீரை ஊற்றுகிற வீடுகளில் இலை ஓரம் கருகிச் சுருள்வதைப் பார்க்கிறோம். செடியைச் சுற்றி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. அப்படிப்பட்ட வீட்டில் குடிக்கப் பிடிக்கும் ஆற்றுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல மாட்டோம், குடிக்கிற தண்ணீர் குடிக்கத்தான். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்தால் இரண்டு மூன்று செடிக்குப் போதும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் வேண்டாம். நிறையச் செடி வைக்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம். பரிசோதனைக்கு ஆகும் செலவு, செடி செத்தபிறகு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

புதுச் செடிக்கு வேர் பிடிக்கும் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒரு முறை நன்றாக நனைய ஊற்றினால் போதும். சித்திரை, வைகாசியில் மண்ணைத் தொட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்டைச் சுற்றிக் காய்ந்த இலை, தென்னை மட்டைத் தூள், கடலைத் தோடு எதையாவது மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். ஊற்றுவது வேரில் இருக்கட்டும். சாயங்காலம் இலையெல்லாம் நனைய ஊற்றினால் நோய் வரும்.

தண்ணீர் இல்லாமல் சாகும் ரோஸைவிடத் தண்ணீர் நின்று சாகும் ரோஸ் அதிகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை யாரும் மறக்க மாட்டோம். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தபோது செடியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லாம் வடிந்தபிறகு பார்த்தோம். பள்ளமான முற்றத்தில் மூன்று நாள் தண்ணீரில் நின்ற செடிகள் வேர் அழுகிக் கிளை கிளையாகக் காய்ந்தன. மேட்டுப் பாத்தியில் இருந்தவை தப்பின. அன்றிலிருந்து முக்கால் அடியாவது மண்ணை உயர்த்தி மேடாக்கி நடச் சொல்கிறோம். கரிசல் மண் இருக்கிற வீடுகளில் இது கட்டாயம்.

குச்சி நடுவது

பென்சில் கனத்தில், பூத்து முடிந்த முற்றின கிளையில், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டு, மேல்பக்கம் கணுவுக்குச் சற்று மேலே. எது அடி எது நுனி என்று மறந்து தலைகீழாக நடுவது சாதாரணமாக நடக்கிறது, சாய்வு வெட்டு இருந்தால் குழப்பம் வராது. கழுவின பால் கவரில் அடியில் நான்கு ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாக நிரப்பி, குச்சி பாதி உள்ளே போகும்படி ஊன்றி அழுத்தி விடுங்கள். சிலர் கற்றாழைச் சாற்றில் தோய்த்து நடுகிறார்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

பதினைந்து நாளில் துளிர் வரும். அங்கேதான் அவசரப்படுகிறோம். குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர் வந்துவிடும், வேர் அப்போது விட்டிருக்காது. பிடுங்கி நட்டால் வாடிவிடும். இரண்டு மாதம் பொறுங்கள். பத்துக் குச்சி நட்டால் பத்தும் பிழைக்காது, அதனால் இரண்டு மூன்று கூடுதலாகவே போடுங்கள்.

இனி வெட்டுவது

இதை வேளாண்மைத் துறையில் கவாத்து என்பார்கள். ஏன் வெட்ட வேண்டும்? ரோஸ் பூப்பது புதிதாக வரும் கிளையின் நுனியில். பழைய கிளை கிழடாகிவிட்டால் அதிலிருந்து வருவது மெல்லிய குச்சிதான், அதில் பூவும் சிறுத்துவிடும். வெட்டினால் தூங்கிக்கொண்டிருக்கும் கணுக்கள் விழித்து நான்கைந்து கிளை கனமாக வரும். நான்கு கிளைக்கு நான்கு நுனி. கணக்கு அவ்வளவுதான்.

இதை ஒரு குழுவில் விளக்கிச் சொல்லி, கத்தரியையும் கையில் கொடுத்தோம். கத்தரி ஒரு சுற்றுச் சுற்றி எங்களிடமே திரும்பி வந்தது. ஒருவர் மாமியாரைக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றார். கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் எழுந்தார். கணவர் போய் முப்பது வருடம் இருக்கும். "எல்லாரும் பூ போயிருமேன்னு பயப்படுதீய. நானா பூ வைக்கப் போறேன்? எனக்கென்ன, இங்க தாங்க" என்று கத்தரியை வாங்கிக்கொண்டார். அவர் வாசலில் இருந்த மூன்று செடியையும், கழுத்து உயரத்தில் நின்றதை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலாக வெட்டினார். வெட்டியபிறகு பார்க்க மொட்டைக் குச்சிதான். அவர் மருமகள் அன்றைக்கு எங்களிடம் பேசவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் சிவப்புச் சிவப்பாகத் துளிர் வந்தது. நாற்பத்தைந்து நாள் ஒட்டி முதல் பூ. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பூ ஒன்றுக்கு ஒரு புளியமுத்து என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வந்தார். தை பிறந்து நாங்கள் போனபோது பாட்டிலைக் கவிழ்த்து எண்ணிக் காட்டினார். அறுபத்து மூன்று. வெட்டாத பக்கத்து வீட்டுச் செடிகளில் அத்தனை நாளும் உச்சியில் ஒன்று இரண்டுதான். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நாங்கள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்தரிக்குச் சண்டை வந்தது.

எப்போது வெட்டுவது? அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. நம் பக்கம் புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகைப் பாதிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். அடைமழை நாளில் வேண்டாம், இரண்டு மூன்று நாள் வெயிலடிக்கும் இடைவெளி பார்த்து வெட்டுங்கள். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் கார்த்திகை பத்துத் தேதி வாக்கில் வெட்டினால் கணக்குச் சரியாக வரும். நட்ட முதல் வருடம் வெட்ட வேண்டாம், நுனியை மட்டும் கிள்ளி விடுங்கள்.

எப்படி வெட்டுவது? முதலில் காய்ந்தது, நோய் விழுந்தது, ஒன்றின் மேல் ஒன்று உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது, இவற்றை அடியோடு எடுங்கள். இப்போதே செடிக்குள் காற்று போவது தெரியும். பிறகு நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவாகப் பார்த்து, அதற்கு அரை விரல்கடை மேலே சாய்வாக வெட்டுங்கள். கணு வெளிப்பக்கம் பார்த்தால் கிளையும் வெளிப்பக்கம் போகும். உள்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் வெட்டினால் கிளைகள் நடுவில் பின்னிக்கொள்ளும், பறிக்கிற கையைத்தான் முள் கிழிக்கும். ரொம்பப் பழைய செடி என்றால் எல்லாக் கிளையையும் ஒரே வருடத்தில் எடுக்காமல், மூன்றில் ஒரு பங்கு கிழட்டுக் கிளையை மட்டும் அடியில் அறுத்து, மூன்று வருடத்தில் செடியைப் புதுசாக்கிவிடலாம்.

அரிவாள், அரிவாள்மனை கொண்டு வெட்டாதீர்கள். கிளை நைந்து, அந்த இடத்திலிருந்து கருகல் கீழ்நோக்கி இறங்கும். நுனிக்கருகல் என்கிற இந்த நோய்தான் வெட்டின செடியைக் கொல்வது. "வெட்டினேன், செத்துப் போச்சு" என்கிறவர்கள் பெரும்பாலும் மொண்ணை அரிவாளால் வெட்டியவர்கள். குழுவுக்கு ஒரு நல்ல கவாத்துக் கத்தரி வாங்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகுமுன் சூடு தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி ஆறவைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு வாளி கூடாது. பளபளப்பான கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் விட்டு எடுத்தால் செம்பு நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தடவி முடித்துவிட வேண்டும். மயில்துத்தம் விஷம். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், பிள்ளைகள் கைபடாமல் வையுங்கள். ஒரு பாக்கெட் வாங்கினால் குழு முழுவதுக்கும் காணும்.

சில வீடுகளில் வேலி ஓரம் சாட்டை மாதிரி நீளக் கிளை வந்திருக்கும். அதை வெட்ட மனமில்லை என்றால் வளைத்துத் தரைமட்டத்துக்குப் பக்கத்தில் கயிற்றால் படுக்கையாகக் கட்டிவிடுங்கள். படுத்த கிளையில் கணுவுக்கு ஒரு துளிர் எழுந்து பூக்கும். பன்னீர் ரோஸ் இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

வெட்டினபின் சாப்பாடு

வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் துளிர் சவலையாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செடி ஒன்றுக்குப் பத்துக் கிலோ தொழு உரமும், தழை 6 கிராம், மணி 12 கிராம், சாம்பல் 12 கிராம் சத்தும், கவாத்துக்குப் பின் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை கொடுக்கச் சொல்கிறது. கடைச் சரக்கில் சொன்னால் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கொத்திப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பூவைத் தின்பதற்கு எடுப்பவர்கள் யூரியா வேண்டாம் என்று எருவும் புண்ணாக்கும் மட்டும் போடுகிறார்கள், அதிலும் நன்றாகத்தான் பூக்கிறது. பஞ்சகவ்யா இருந்தால் பத்து லிட்டருக்கு முன்னூறு மில்லி கலந்து தெளிக்கலாம். டீத்தூள், முட்டை ஓடு போடுகிறோம் என்பவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் அதுவே போதும் என்று எருவை நிறுத்திவிடாதீர்கள்.

பூச்சி, நோய்

மழைக்காலத்தில் இலையில் வட்டமாகக் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிட்டாலே பாதி குறையும், செடியடியில் கிடந்தால் அதிலிருந்தே மறுபடி ஏறும். பனிக்காலத்தில் மாவு தூவினது மாதிரி வந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து வெயில் தணிந்தபின் தெளிக்கலாம். தண்டில் செதில் செதிலாகச் சிவப்பாக அப்பியிருந்தால் அது செதில் பூச்சி. மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் தேய்த்து எடுங்கள், அதிகமிருந்தால் அந்தக் கிளையையே வெட்டி எரியுங்கள். இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். மொட்டைத் துளைக்கும் புழுவைக் கையால் எடுப்பதுதான் நல்லது, நாலைந்து செடிக்கு மருந்து எதற்கு?

காசு வருமா?

இதை மறைக்காமல் சொல்கிறோம். ஐந்து செடியில் குடும்பம் நடத்த முடியாது. வீட்டுச் சாமிக்கும் தலைக்கும் பூ வாங்குகிற காசு மிஞ்சும், அவ்வளவுதான். பத்துப் பேர் ஆளுக்குப் பத்துச் செடி வைத்து, காலையில் ஒரே கூடையில் சேர்த்தால் விற்கும் அளவு வரும். பன்னீர் ரோஸ் மாலைக்கும் உதிரிப் பூவாகவும் போகிற பூ. நெல்லையப்பர் கோயில் ரதவீதிப் பக்கம் மாலை கட்டுகிறவர்களும், தர்காவுக்குப் பூ கட்டுகிறவர்களும், கல்யாண வீடும், துட்டி வீடும் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். வாழை இலையில் ஈரத்துணி மூடிக் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் வரை வைத்தால் இதழ் கொட்டிவிடும். முகூர்த்த நாளில் ஒரு விலை, ஆடியிலும் மார்கழியிலும் வேறு விலை. தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை என்கிறார்கள், ஆனால் அரைக்கிலோ பூவுக்குப் பஸ் காசு கட்டுபடியாகாது. பக்கத்திலேயே மாலை கட்டும் ஒருவரிடம் தினமும் இவ்வளவு என்று பேசி வைப்பதுதான் நடக்கிற காரியம்.

விற்காத பூவில் குல்கந்து செய்யலாம். மருந்து அடிக்காத பூவாக இருக்க வேண்டும். இதழைக் கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி, அதே எடைக்குச் சர்க்கரையோ பொடித்த கற்கண்டோ சேர்த்து, கண்ணாடிப் பாட்டிலில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்குச் சர்க்கரை என்று போட்டு மூன்று வாரம் வெயிலில் வைத்தால் போதும். நடுநடுவே காய்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள். வீட்டுக்கு என்றால் கேள்வியில்லை. விற்பது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், அதைக் கூட்டமைப்பு மூலம் செய்து தருகிறோம்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஆச்சி வீட்டுப் பூவைத் தெருவில் இரண்டு வீட்டார் "அந்தக் கையால பறிச்சது காலையில வேண்டாம்" என்று திருப்பிவிட்டார்கள். ஆச்சி எங்களிடம் சொல்லவில்லை. குழுப் பிரதிநிதி சொல்லித்தான் தெரிந்தது. அந்த மாதக் கூட்டத்தில் வாக்குவாதம் பெரிசாகவே நடந்தது. அதே வீட்டார் கோயிலில் வாங்கும் மாலையில் இருக்கிற பூவை யார் பறித்தார்கள் என்று கேட்டார்களா என்று ஒரு இளம் உறுப்பினர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. முடிவில் தீர்மான நோட்டில் எழுதினார்கள்: கூடைக்கு வந்த பூ குழுவின் பூ, யார் வீட்டுப் பூ என்று கேட்பவர்களுக்கு விற்பதில்லை. ஆச்சியும் கைநாட்டு வைத்தார். இப்போது அந்தக் குழுவின் கூடையைக் கட்டிக் கொடுப்பதே அவர்தான்.

ஐப்பசிக் கூட்டத்தன்று அவர் வாசலில் செடி வெட்டிக் காட்டும் பயிற்சி வைத்திருக்கிறோம். வெட்டுகிற குச்சிகளை வருபவர்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வருபவர்கள் ஆளுக்கு ஐந்து பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். மண்ணும் எருவும் நாங்கள் கொண்டு வருகிறோம். பயிற்சிக்கு முந்தின நாள் அடைமழை பெய்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம், ஊக்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.